850ஆ, 450ஆ? ஏர் டேங்க் ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும்

போன அக்டோபரில் என் அக்கா மகன் ஒரு பழைய டிப்மன் 98 மார்க்கரும் (பெயின்ட்பால் துப்பாக்கியை அப்படித்தான் சொல்வோம்), அதோடு சேர்த்து விலைக்கு வாங்கிய 48/3000 ஏர் டேங்க்கும் (48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம்) எடுத்துக்கொண்டு மிசிசாகாவில் என் வீட்டுக்கு வந்தான். பெயின்ட்பால் மைதானத்தில் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் வைத்துச் சுட்டால் முதல் பந்து வினாடிக்கு 305 அடி வேகத்தில் போகிறது, அடுத்த நாலைந்து பந்துகள் 278, 276 என்று ஒழுங்காகப் போகின்றன, ஐந்து நிமிடம் கழித்துச் சுட்டால் மறுபடியும் 300க்கு மேல். மைதானத்தின் வரம்பு 280. காலை முழுக்க மார்க்கரின் வேகத் திருகைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறான். உள்ளே விளையாட விடவில்லை.

அந்தத் திருகில் ஒரு குறையும் இல்லை. கோளாறு டேங்க் ரெகுலேட்டரில். புதிதாக இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் மார்க்கருக்கும் பேரலுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, டேங்க்கின் கழுத்தில் இருக்கும் இந்தச் சின்ன உலோகத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டேங்க்குக்குள் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது. மார்க்கரால் அதைத் தாங்க முடியாது, அதைக் குறைத்துத் தருவதுதான் ரெகுலேட்டரின் வேலை. ரெகுலேட்டருக்குள் ஒரு பிஸ்டன், அதைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், பிஸ்டனின் அடி முனையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் சீட். வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் ஏற ஏற, அது பிஸ்டனின் அகலமான தலையை ஸ்பிரிங்குக்கு எதிராக அமுக்கும். குறித்த அளவு வந்ததும் சீட் போய் காற்று வரும் துளையை அடைத்துவிடும். நீங்கள் ஒரு பந்து சுட்டால் அழுத்தம் குறையும், ஸ்பிரிங் பிஸ்டனைத் தூக்கும், காற்று மறுபடி நிரம்பும். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அழுத்தம் வெளியே வரும். திருத்துவது எல்லாம் இந்த இறுக்கத்தைத்தான்.

சரி, எந்த அளவு வாங்குவது? கடையில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும்: 800-850 பிஎஸ்ஐ தருவது, 450 பிஎஸ்ஐ அளவில் தருவது. 300ஐ ஒட்டித் தரும் வகையும் உண்டு. இந்த 850 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகிவிடும். பழைய மார்க்கர்கள் கார்பன் டை ஆக்சைடில் ஓடியவை. புட்டிக்குள் திரவமாக இருக்கும் அந்த வாயு 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். மார்க்கர்களை அதற்கு ஏற்ப வடிவமைத்தார்கள். அப்புறம் காற்று டேங்க்குகள் வந்தபோது, ஏற்கெனவே இருக்கும் மார்க்கர்களில் அப்படியே மாட்ட வசதியாக அதே 850ஐ வைத்துக்கொண்டார்கள். கார்பன் டை ஆக்சைடின் தொல்லை என்னவென்றால் குளிர். பூஜ்யம் டிகிரியில் அதன் அழுத்தம் ஏறக்குறைய 500க்கு இறங்கிவிடும். ஒன்டாரியோவில் அக்டோபர் காலையில் விளையாடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று அப்படி நடந்துகொள்ளாது.

டிப்மன் 98 போல, பந்தைத் தள்ளும் அதே வாயுவைக் கொண்டே சுத்தியலையும் (வால்வைத் தட்டித் திறக்கும் உலோகத் துண்டு) பின்னால் தள்ளிக்கொள்ளும் வகை மார்க்கர் என்றால் 800-850ஐ வாங்குங்கள். அதற்கு 450 போதாமல் போகலாம். சுத்தியல் முழுத் தூரம் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டாது. திரும்ப முன்னால் ஓடும், மறுபடி அடிக்கும். ஒருமுறை விசையை இழுத்தால் தடதடவென்று தானாகச் சுட ஆரம்பித்துவிடும். நேரில் பார்த்தால் பயமாக இருக்கும். பிளானட் எக்லிப்ஸ் எமெக் போன்றவை வேறு ரகம். மார்க்கருக்குள்ளேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது, அது காற்றை 130 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கித்தான் பயன்படுத்துகிறது. இவற்றுக்கு 450 போதும். 850லிருந்து 130க்கு இறக்குவதைவிட 450லிருந்து இறக்குவது உள்ரெகுலேட்டருக்கு லேசான வேலை. நான் எமெக்கில் 450 போட்டுத்தான் விளையாடுகிறேன். இரண்டு வகை மார்க்கரும் வைத்திருப்பவர் ஷிம் (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் மெல்லிய வாஷர்) போட்டு அழுத்தத்தை மாற்றக்கூடிய ரெகுலேட்டர் வாங்குவது புத்திசாலித்தனம். நிஞ்ஜா ரெகுலேட்டர்கள் அந்த வகை.

டேங்க் அளவைப் பற்றி ஒரு வரி: கன அங்குலத்தை பிஎஸ்ஐயால் பெருக்கி 300ஆல் வகுத்தால் சுமாராக எத்தனை பந்து சுடலாம் என்று வரும். 48/3000 என்றால் 480. 68/4500 என்றால் ஆயிரத்தைத் தாண்டும்.

பழைய டேங்க் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். கார்பன் ஃபைபர் சுற்றியதற்கு மொத்த ஆயுளே 15 ஆண்டுதான். கனடாவில் என்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரை மட்டும் போதாது, டிசி என்ற கனடா போக்குவரத்துத் துறை எழுத்துகளும் இருக்க வேண்டும். ஃபைபரில் நூல் பிரிந்த கீறல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது சோதனை. ரெகுலேட்டர் டெஸ்டர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். டேங்க்கை அதில் திருகினால் வெளியேறும் அழுத்தத்தை முள் காட்டும். ரெகுலேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் மீட்டரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது டேங்க்குக்குள் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது. மருமகனின் டேங்க்கை மாட்டியதும் முள் 820க்கு வந்தது. நன்றாக இருக்கிறதே என்றான். பத்து நிமிடம் பொறு என்றேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 960ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. சீட் தேய்ந்துவிட்டது. துளை முழுதாக அடைபடாமல் காற்று துளித்துளியாகக் கசிகிறது. சும்மா இருக்கும்போது அழுத்தம் ஏறும், முதல் பந்து அந்த அதிக அழுத்தத்தில் பாயும், அதன்பின் அடுத்தடுத்துச் சுடும்போது ஏற நேரம் இல்லாததால் ஒழுங்காகப் போகும். டிப்மனுக்குள் தனி ரெகுலேட்டர் இல்லாததால் டேங்க்கின் கோளாறு நேராக வேகத்தில் தெரிந்தது. எமெக்கில் போட்டிருந்தால் பெரும்பாலும் தெரியாமலே போயிருக்கும். பத்து இருபது பிஎஸ்ஐ ஏறி நின்றுவிட்டால் கவலை வேண்டாம். நிற்காமல் ஏறினால்தான் சீட்டை மாற்ற வேண்டும்.

திறப்பதற்கு முன்னால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டேங்க் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டுவது போதாது, மீட்டர்கள் பழுதாகும். பந்து போடாமல் சுட்டுக் காலி செய்தபின், மேலே இருக்கும் ஊசியையும் அமுக்கிப் பாருங்கள், சத்தமே வரக்கூடாது. அப்புறம், திறக்க வேண்டியது மார்க்கரில் மாட்டும் மரை இருக்கும் மேல் மூடியை மட்டும்தான். ரெகுலேட்டரின் உடல் டேங்க்கோடு சேரும் இடத்தைத் தொடவே கூடாது. வால்வு புட்டியிலிருந்து கழன்று, புட்டி ராக்கெட் போலப் பறந்து, அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. நான் என் எல்லா டேங்க்கிலும் புட்டியையும் ரெகுலேட்டர் உடலையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் உடல் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்த டேங்க்கை அதோடு நிறுத்திவிட்டு, சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே இருப்பதை வரிசையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் போல வளைந்த வட்டத் தகடுகள்தான் ஸ்பிரிங்குகள். எது எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்பது முக்கியம், ஒன்றைத் திருப்பி வைத்தால் அழுத்தமே மாறிவிடும். அவற்றோடு மெல்லிய வாஷர்கள் இருக்கும், அவைதான் ஷிம். ஒன்று கூட்டினால் ஸ்பிரிங் இறுகும், அழுத்தம் ஏறும். ஒன்று எடுத்தால் குறையும். ஒரே நேரத்தில் ஒரு ஷிம்முக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றி, மூடி, கொஞ்சம் காற்று நிரப்பி, டெஸ்டரில் அளந்து, பிறகு அடுத்தது. பொறுமை வேண்டிய வேலைதான். அந்தந்த ரெகுலேட்டருக்கு உரிய ஷிம்மையே வாங்குங்கள்.

சீட்டை மாற்றும்போது அது உட்காரும் உலோக விளிம்பை நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் புதுச் சீட்டும் கசியும். பிஸ்டனின் ஓ-ரிங்குகளுக்கு (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) மார்க்கருக்குப் போடும் சிலிக்கோன் கிரீஸ், பளபளப்புத் தெரியும் அளவுக்கு. காற்று நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ எதுவும் வேண்டாம். அங்கே காற்று நொடியில் சில ஆயிரம் பிஎஸ்ஐக்கு அமுங்கிச் சூடாகும், எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பது போலப் பற்றிக்கொள்ளும்.

ரெகுலேட்டரின் பக்கத்தில் இரண்டு சின்னத் திருகுகள் தெரியும். அவை பாதுகாப்புத் தகடுகள், அழுத்தம் அளவு மீறினால் வெடித்துக் காற்றை வெளியே விட்டுவிடும். வெளியேறும் பக்கத்துக்கு 1800 பிஎஸ்ஐ, டேங்க் பக்கத்துக்கு 3000 டேங்க் என்றால் 5000, 4500 டேங்க் என்றால் 7500. வெடித்துவிட்டால் அதே அளவில் புதிது போடுங்கள். பெரிய அளவு போடுவது, அடைத்துவிடுவது, இவற்றைச் செய்கிறவரோடு விளையாடாதீர்கள். வெளிப்பக்கத் தகடு வெடித்தது என்றால் ரெகுலேட்டர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்று பொருள், தகடு மாற்றுவதற்கு முன் சீட்டைப் பாருங்கள்.

மருமகனின் டேங்க்குக்குச் சீட்டும் ஓ-ரிங்கும் மட்டும் மாற்றினோம், ஷிம்மைத் தொடவில்லை. 830க்கு வந்து அரைமணி நேரமும் அங்கேயே நின்றது. அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் முதல் பந்து 286. அப்போதுதான் வேகத் திருகைத் தொடச் சொன்னேன். டிப்மனில் வலப்பக்கம் திருப்பினால் வேகம் குறையும். கால் சுற்று திருப்பினான். 274, 276, 273. ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு மறுபடி சுட்டான், 275. வேகத்தை எப்போதும் மார்க்கரில்தான் திருத்த வேண்டும், டேங்க் ரெகுலேட்டரில் அல்ல.

ஆட்டம் முடிந்து டேங்க்கைக் கழற்றும்போது பேரல் உறையைப் போட்டுவிட்டு முக்கால் சுற்று தளர்த்துங்கள், பாதுகாப்பான பக்கம் நீட்டி இரண்டு மூன்று முறை வெறுமனே சுட்டு மார்க்கருக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள், பிறகு முழுதாகக் கழற்றுங்கள். அப்படியே பிடுங்கித் திருகினால் முனையில் இருக்கும் 015 ஓ-ரிங் பிய்ந்துவிடும், அதில் நாலைந்து பையில் எப்போதும் வைத்திருங்கள். குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும்போது டேங்க்கை முழுக்கக் காலி செய்யாமல் ஒரு 500 பிஎஸ்ஐ விட்டுவையுங்கள், ஈரக்காற்று உள்ளே போகாது.