டிராக்டரில் டிரெய்லர் பூட்டுவதற்கு முன்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குச் செல்லும் சாலைகளில் இரவு முழுவதும் டிராக்டர்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றுள் பல, தமக்குக் குறிக்கப்பட்ட எடையைவிட மிகுதியாக ஏற்றிக்கொண்டு, பின்விளக்கு இல்லாமல், டிரெய்லருக்கென்று தனி பிரேக்கும் இல்லாமல் செல்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நம் வட ஆற்காட்டுப் பகுதியில் டிராக்டர் வாங்கும்போது எத்தனை எச்.பி., எத்தனை டன் இழுக்கும் என்றே கேட்கிறோம். எத்தனை டன்னை இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் என்று கேட்பவர் குறைவு. ஏற்ற வேண்டிய பாரத்தை முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில் எடைக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி ஆர்.சி. புத்தகம் உண்டு. டிரெய்லரின் புத்தகத்தில் வெற்று எடை, சரக்குடன் சேர்ந்த மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவதே சட்டப்படி ஏற்றக்கூடிய சரக்கு. டிராக்டருடன் வரும் கையேட்டில் அது இழுக்கத்தக்க உச்ச எடையும், டிரெய்லரைப் பூட்டும் கொக்கியின் மேல் செங்குத்தாக அமரத்தக்க எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் எதையும் மீறாத பாரமே உங்கள் வரம்பு. சரக்கின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. ஒரு யூனிட் எம் சாண்ட் என்பது 100 கன அடி. ஈரமில்லாமல் இருந்தாலே ஏறத்தாழ நாலரை டன் இருக்கும், மழையில் நனைந்துவிட்டால் இன்னும் கூடும். ஒரு செங்கல் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,000 கல்லுக்கு 6 டன் ஆகிறது. கரும்பு எடையில் ஏமாற்றாவிட்டாலும் உயரத்தில் ஏமாற்றும். பெட்டிக்கு மேல் உயர உயர, வளைவில் வண்டி சாயும் ஆபத்தும் உயர்கிறது. எனவே ஒவ்வொரு வகைச் சரக்கையும் ஒரு முறையாவது எடை மேடையில் நிறுத்திப் பார்த்து, பெட்டியின் உட்புறம் எந்த அளவு வரை ஏற்றினால் வரம்பு நிறைகிறது என்று பெயிண்டால் கோடு போட்டு வைப்பது நல்லது. அதிக எடைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது கொக்கி. இந்த இடத்தில்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் என் சித்தப்பா ஒருவர் ஏரிக்கரை ஏற்றத்தில் கருங்கல் பாரத்தை இழுத்தபோது, டிராக்டரின் முன் சக்கரங்கள் மார்பளவு எழும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் உடனே கிளட்சை மிதித்ததால் உயிர் தப்பினார். அன்று டிரெய்லரை, டிராக்டரின் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில் பூட்டாமல், கலப்பை மாட்டும் ஹைட்ராலிக் கைகளுக்கு இடையே உயரமாக ஒரு கம்பியைக் கட்டி, அதில் பூட்டியிருந்தார்கள்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள ஒரு 45 எச்.பி. டிராக்டரில் முன் அச்சின் மேல் 750 கிலோ நிற்கிறது என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 1.9 மீட்டர் என்றும் கொள்வோம். இரண்டு சக்கர டிரெய்லர் தன் பாரத்தில் 600 கிலோவைக் கொக்கியின் மேல் சாய்க்கிறது. கொக்கி பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், அதுவே முன்பக்கத்திலிருந்து சுமார் 220 கிலோவைத் தூக்கிவிடும். பத்து அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், மொத்தம் 6 டன் உள்ள அந்த டிரெய்லரை மண்பாதையில் இழுக்க ஏறத்தாழ 800 கிலோ இழுவிசை வேண்டும். கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் இந்த இழுவிசை மேலும் 210 கிலோவைத் தூக்க, முன்னால் மிஞ்சுவது 320 கிலோ. அதே கொக்கி 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் மிஞ்சுவது 200 கிலோவுக்கும் குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு நேராகவே போகும், கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பிவிடும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது இங்கே 400 கிலோவாவது, எப்போதும் முன் சக்கரங்களின் மேல் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பான விதி. கொக்கியைக் கையேடு சொல்லும் தாழ்ந்த இடத்தில் வைத்து, முன் பம்பரில் நிறுவனத்தாரின் இரும்பு எடைகளையும் மாட்டினால்தான் அந்த அளவு கிடைக்கும். பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பிடிமானத்துக்கு உதவுமே தவிர, முன்பக்கம் எழும்புவதைத் தடுக்காது.

கொக்கியில் செருகும் ஆணி (பின்), துளைக்குச் சரியான பருமனுள்ளதாகவும், இதற்கென்றே செய்த உறுதியான எஃகாகவும் இருக்க வேண்டும்; கட்டட வேலைக் கம்பியை வெட்டிச் செருகும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அந்த ஆணி மேலே எழும்பாதபடி கீழே கிளிப் போட்டு, அதற்கும் மேலாக டிராக்டர் சட்டத்தையும் டிரெய்லரின் இழுகம்பையும் இணைத்து ஒரு சங்கிலி கட்ட வேண்டும். ஆணி முறிந்தாலும் பெட்டி எதிர் வண்டியின் மேல் பாயாமல் காப்பது அந்தச் சங்கிலிதான்.

பிரேக்குக்கு வருவோம். மேலே சொன்ன டிராக்டர் தனியாக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, பிரேக் பிடித்தபின் சுமார் 14 மீட்டரில் நிற்கும் என்று கொண்டால், 6 டன் டிரெய்லரைப் பிரேக் இல்லாமல் பூட்டியதும் நிறுத்த வேண்டிய எடை நான்கு மடங்காகி, நிற்கும் தூரமும் 55 மீட்டரை எட்டுகிறது. இது சமதளத்தில் மட்டுமே. ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கும் பாதை போன்ற இறக்கங்களில் பின்னால் வரும் பாரம் டிராக்டரை முன்னே தள்ளி, வளைவில் பக்கவாட்டில் மடக்கியும்விடும். ஆகவே டிரெய்லர் வாங்கும்போதே பிரேக் உள்ளதை வாங்கி, டிராக்டரின் பெடலை மிதித்தால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும்படி இணைப்பைப் பொருத்த வேண்டும். டிரெய்லர் சற்றே முந்திப் பிடித்தால் அது நல்லதே. வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பெடல்களைச் சாலையில் ஏறும் முன் தாழிட்டு ஒன்றாக்க வேண்டும், இல்லையெனில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிச் செல்வது டீசலைச் சேமிக்கிறது என்று நினைப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரை இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

டயர்களைப் பொறுத்தவரை, டிரெய்லருக்குத் தேய்ந்த பழைய லாரி டயர் போதும் என்ற எண்ணம் தவறு. பக்கவாட்டில் அச்சிட்டுள்ள தாங்கு எடையைச் சக்கரங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், பெட்டியின் மொத்த எடையைவிடக் கூடுதலாக வர வேண்டும்.

விளக்கு வேலை மிகச் சிறியது, காப்பாற்றும் உயிர்கள் மிகப் பல. இரவில் நிற்கும் டிரெய்லரின் பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்து மோதியவர் இல்லாத ஊரே நம் பக்கத்தில் இல்லை எனலாம். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றையும் ஏழு முனைச் சாக்கெட் வழியாக இணைத்து, பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்ட வேண்டும். கரும்புத் தோகை தொங்கிப் பட்டையையும் விளக்கையும் மறைக்காதபடி வெட்டிவிட வேண்டும்.

டிரெய்லரை, பதிவுக்குரிய சான்றிதழ்களைத் தரும் பட்டறையிலேயே வாங்க வேண்டும். சான்றில்லாத பெட்டியை வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். டிரெய்லரின் சொந்தப் பதிவெண்ணை அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் டிராக்டரின் எண்ணை டிரெய்லரின் பின்புறத்திலும் எழுத வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவு செய்த டிரெய்லரில் வாடகைக்குச் செங்கல் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீடு கைவிட்டுவிடும். அந்தத் தொழிலுக்கு வணிகப் பதிவும் அதற்கேற்ற காப்பீடும் தனியே வேண்டும். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு உறவினர்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வோர் ஒன்றை அறிய வேண்டும்: சரக்குப் பெட்டியில் அமர்ந்தவருக்குப் பாலிசியில் இடமில்லை, நேரும் இழப்பெல்லாம் உரிமையாளரின் நிலத்தின் மேலேயே வந்து விழும்.

எல்லாம் பொருத்தியபின் முதல் நாளே முழுப் பாரம் ஏற்ற வேண்டாம். பாதிப் பாரத்துடன் ஆளில்லாத சமதளச் சாலையில் நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்து, பெட்டி ஒரு பக்கம் இழுத்தால் அதைச் சரி செய்த பிறகு, சிறிய இறக்கம் ஒன்றில் சோதியுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மீண்டும் முறுக்கி, சக்கரக் குடத்தின் அருகே கை வைத்துச் சூடு பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, அதைப் பார்க்காமல் அடுத்த நடைக்குக் கிளம்பக் கூடாது.