கல்விக் கடன்: படிக்கும்போதே வட்டி ஓடும்

"படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்டினாப் போதுமுங்க" என்று கல்விக் கடன் வாங்கிய வீடுகளில் சொல்வார்கள். தவணைக்கு அது சரி. ஆனால் வங்கி கல்லூரிக்குப் பணம் அனுப்பிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

கோவையில் பொறியியல் படிக்க வருடம் 1 லட்சம் வீதம் 4 வருடம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். தனி வட்டிக் கணக்கில் முதல் வருடப் பணத்துக்கு, படிப்பு 4 வருடமும் அப்புறம் ஒரு வருடமும் சேர்த்து 5 வருட வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும்.

அதனால் முடிந்தவர்கள் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். முதல் வருடம் மாதம் சுமார் 833 ரூபாய்தான். நாலாம் வருடம் 3,333 ஆகும். பால் சொசைட்டிப் பணமோ பனியன் கம்பெனிச் சம்பளமோ வருகிற வீட்டில் முடியாத காரியமில்லை. இப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் சலுகையும் தருகின்றன. நாமாகக் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள்!

7.5 லட்சம் வரை அடமானமில்லாமல் கொடுக்க அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. எடுத்தவுடனே காட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். விண்ணப்பம் வித்யாலட்சுமி இணையதளத்தில்.

கடனுக்கு முன்பே முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. வருமானச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் எழுதிப் போடுங்கள்.