பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் இல்லை. என்டிஏவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பிக்கலாம், ஆனால் தரைப்படைக்கு மட்டும்.

என் அக்கா மகன் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்டிஏவில், சேர வேண்டும் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. விசாரிக்கப் போன ஒரு பயிற்சி மையத்தில் "காமர்ஸா? அப்ப ஃபார்மே போட முடியாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது தவறான தகவல். அதை நம்பி வயது வரம்பைத் தாண்டிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அவனுக்காக நான் உட்கார்ந்து படித்து, கேட்டு, நிரப்பிக் கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். ஆதார், மின்னஞ்சல், கணக்குத் திறப்பது போன்றவற்றை விளக்கப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பள்ளிப் பாடத்தில் விட்டுப்போனது இரண்டு வகை. ஒன்று சான்றிதழில் இருக்கும் குறை, இன்னொன்று படிப்பில் இருக்கும் குறை. முதலாவது எந்தப் படைக்குப் போகலாம் என்பதை முடிவு செய்கிறது, இரண்டாவது தேர்வில் தேறுவோமா என்பதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் முதல் நாளே கைவிட்டுவிடுகிறார்கள்.

படி 1: அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பத்தி

என்டிஏவுக்கான நுழைவுத் தேர்வை யூபிஎஸ்சி, அதாவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. பொதுவாக முதல் தேர்வுக்கு டிசம்பரில் அறிவிக்கை வந்து ஏப்ரலில் தேர்வு, இரண்டாவதற்கு மே மாதம் அறிவிக்கை வந்து செப்டம்பரில் தேர்வு. அறிவிக்கை நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் கல்வித் தகுதிப் பத்திக்குப் போங்கள்.

அங்கே இரண்டு வரிகள் இருக்கும். என்டிஏவின் தரைப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, அவ்வளவுதான். எந்தக் குரூப், எத்தனை சதவீதம் என்று எதுவும் கேட்கவில்லை. விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்கும், கேரளாவில் எழிமலையில் இருக்கும் இந்தியக் கடற்படை அகாடமிக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்துத் தேறியிருக்க வேண்டும்.

ஆக காமர்ஸ், வரலாறு குரூப் எடுத்தவர்களுக்கும், கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கும் ஒரு வழி முழுசாகத் திறந்திருக்கிறது. அது சின்ன வழியும் இல்லை. 2024 முதல் தேர்வில் என்டிஏவுக்கு அறிவித்த 370 இடங்களில் 208 தரைப்படைக்குத்தான். உள்ளே போனபிறகும் தரைப்படைப் பிரிவில் பயிற்சி பெறுபவர்கள் பி.ஏ. படிக்க முடியும்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பிளஸ் ஒன்னில் இருப்பவர்கள் முடியாது. ஒரு பாடத்தில் தவறித் துணைத்தேர்வு எழுதப் போகிறவர்கள், தேர்ச்சிச் சான்று காட்டக் கடைசித் தேதி எது என்று அதே அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் கையில் தேர்ச்சி இல்லையென்றால் மற்ற எதுவும் உதவாது.

வயது 16½ முதல் 19½ வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று அறிவிக்கையிலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்தால் போதும், நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

படி 2: சான்றிதழ்க் குறையை அடைக்க வேண்டுமா?

விமானப்படையோ கடற்படையோதான் வேண்டும் என்றால் மட்டும் இந்தப் படி. தரைப்படை போதும் என்பவர்கள் தாண்டிப் போங்கள்.

பிளஸ் ஒன்னிலோ பிளஸ் டூவிலோ பாதியில் நின்றவர்களுக்கு என் தேர்வு என்ஐஓஎஸ், அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசின் வாரியம். சேரும்போது பாடங்களை நீங்களே பொறுக்கலாம்: கணிதம் 311, இயற்பியல் 312, வேதியியல் 313, ஆங்கிலம் 302, இதோடு உங்களுக்கு எளிதான இன்னொன்று. ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. இயற்பியல், வேதியியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு, அதற்கான வகுப்புகளைப் படிப்பு மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், கடைசியில் அலைய வேண்டாம்.

ஏற்கெனவே காமர்ஸில் பிளஸ் டூ முடித்துவிட்டவர்கள் கதை வேறு. என்ஐஓஎஸ்ஸில் ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் தனியாக எழுத வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு மதிப்பெண் பட்டியல்தான் கிடைக்கும், புதிதாக ஒரு தேர்ச்சிச் சான்றிதழ் வராது. அந்தப் பட்டியலைப் பழைய சான்றிதழோடு சேர்த்து ஏற்பார்களா என்று, பணம் கட்டுவதற்கு முன்னால் யூபிஎஸ்சிக்கு எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். யாரோ வாட்ஸ்ஆப்பில் "செல்லும் தம்பி" என்று சொன்னதை நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள். 19½ வயதுக்குள் அந்த ஒரு வருடம் மிகப் பெரியது. எங்கள் பையனுக்கு இந்த வழியே வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

படி 3: எங்களை நிறுத்திய பக்கம்

விண்ணப்பத்தில் மற்ற பகுதிகள் எளிதுதான். கணக்குத் தொடங்கி, பொதுப் பதிவு செய்து, பொது விண்ணப்பத்தை நிரப்பி, அப்புறம் தேர்வுக்கான பகுதி. கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் அதுவும் கிடையாது.

நாங்கள் வெகுநேரம் நின்றது படைகளை விருப்ப வரிசையில் குறிக்கும் இடத்தில். தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடற்படை அகாடமி என்று நான்கு இருக்கும். பார்த்தவுடன் கை பரபரக்கும். நான்கையும் போட்டால் வாய்ப்பு கூடுமே என்று தோன்றும். பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான் போடச் சொன்னார். அவர் சயின்ஸ் குரூப், அவருக்கு அது சரி.

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தரைப்படையை மட்டும் குறியுங்கள். உங்களுக்குத் தகுதி இல்லாத படையை எழுதினால் ஒரு இடம்கூட அதிகமாகக் கிடைக்காது. எஸ்எஸ்பி, அதாவது எழுத்துத் தேர்வுக்குப் பிறகு படைத் தேர்வு வாரியம் நடத்தும் நேர்காணல், முடிந்து அசல் சான்றிதழைப் பார்க்கும்போது அது பதில் சொல்ல முடியாத கேள்வியாக வந்து நிற்கும். விமானப்படையை முதல் விருப்பமாகப் போடுகிறவர்களுக்கு விமானிக்கான கணினித் திறன் சோதனை வேறு இருக்கிறது, அதை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி எதையும் தட்டிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தை நிரப்பும்போது அறிவிக்கையைப் பக்கத்தில் திறந்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

தேர்வு மையத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். முதலில் கேட்டவருக்கு முதலில், அதுதான் விதி. சென்னையோ மதுரையோ நிறைந்துவிட்டால் வெளியூருக்கு இரவு பஸ் ஏற வேண்டிவரும்.

படி 4: படிப்புக் குறை

இதுதான் உண்மையான வேலை. சான்றிதழில் கணிதம் கேட்காவிட்டாலும் தேர்வில் கணிதம் இருக்கிறது, யாருக்கும் விலக்கு இல்லை.

மொத்தம் 900 மதிப்பெண். கணிதம் 300, 120 கேள்விகள். பொதுத்திறன் தாள் 600, 150 கேள்விகள். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்.

பொதுத்திறன் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஆங்கிலம் 200. மீதி 400இல் இயற்பியல் 100, வேதியியல் 60, பொது அறிவியல் 40, வரலாறு முதலியவை 80, புவியியல் 80, நடப்பு நிகழ்வுகள் 40. அதாவது 600இல் 400 மதிப்பெண், காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகள் சயின்ஸ் பிள்ளைகளோடு சரிசமமாக மோதக்கூடிய பகுதி. இதை யாரும் சொல்வதில்லை.

இயற்பியல் என்றதும் பயப்பட வேண்டாம். அறிவிக்கையில் உள்ள பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள்: ஆர்க்கிமிடீஸ் தத்துவம், ஊசல், லென்ஸ், மனிதக் கண், ஓம் விதி, காந்தம். எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டிய பொருள்களின் பட்டியலில் பிரஷர் குக்கரும் தெர்மாஸ் பிளாஸ்க்கும் பெரிஸ்கோப்பும் இருக்கின்றன. நமது ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை ஒழுங்காக முடித்தால் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். பிளஸ் டூ இயற்பியலை வாங்கி வைத்துக்கொண்டு மலைத்துப்போய் உட்கார வேண்டியதில்லை.

கணிதத்தில் கணக்கு மாறும். எழுத்துத் தேர்வு கட்ஆஃப் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கும். 2022 முதல் தேர்வில் 360, 2023 முதல் தேர்வில் 301. மொத்த மதிப்பெண் மட்டும் போதாது, ஒவ்வொரு தாளிலும் தனியாகக் குறைந்தபட்சம் வாங்க வேண்டும். அதை 25 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் 75 மதிப்பெண். ஒரு கேள்விக்கு இரண்டரை மதிப்பெண் என்பதால், தவறு எதுவும் போடாமல் 30 கேள்வி சரியாகச் செய்தால் அந்தக் கோட்டைத் தொடலாம். 120இல் 30! நாங்கள் 45 என்று இலக்கு வைத்தோம், பாக்கியைப் பொதுத்திறன் தாளில் எடுப்பது என்று திட்டம்.

எதிலிருந்து தொடங்குவது? தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம், இரண்டு தொகுதியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணங்கள், அணிகளும் அணிக்கோவைகளும், நிகழ்தகவு, வெக்டர், அடிப்படை முக்கோணவியல், இந்த வரிசையில் போங்கள். இவற்றோடு சராசரி, திட்டவிலக்கம் சேர்த்தால் நல்ல அடித்தளம். நுண்கணிதத்தை அதற்கப்புறம் தொடுங்கள். வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு அணி, வகையிடல், தொகையிடல் ஏற்கெனவே தெரியும். அவர்களுக்கு முக்கியமாகப் புதிதாக இருப்பது வெக்டரும் முப்பரிமாண வடிவியலும். தமிழ் வழியில் படித்தவர்கள் அதே புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேர்வறையில் கேள்வி புரியாமல் தெரிந்த கணக்கை விட்டுவரக் கூடாது.

தடிமனான கைடுகள் எனக்குப் பிடிக்காது. விடையில் தவறுகள் இருக்கும், எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவும் சொல்லாது. யூபிஎஸ்சி தளத்தில் பழைய கேள்வித்தாள்கள் இலவசம். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கடிகாரம் வைத்து, கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் எழுதிப் பழகுங்கள். மொபைல் செயலியில் தட்டிப் பழகுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் உண்மைத் தேர்வு பேனாவால் வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில், கால்குலேட்டர் இல்லாமல்.

படி 5: எழுத்துத் தேர்வு தேறியபின்

முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்புத் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். யூபிஎஸ்சியில் பதிந்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பதிந்தால்தான் எஸ்எஸ்பி அழைப்பு வரும்.

எஸ்எஸ்பிக்கும் 900 மதிப்பெண், ஐந்து நாள். அங்கே நிரப்பும் தன்விவரப் படிவத்தில் படிப்பு முழுவதும் எழுத வேண்டும், இடைவெளி இருந்தால் நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள். குடும்பச் சூழ்நிலையால் நின்றிருந்தால் அதையே சொல்லுங்கள், அந்த நாட்களில் என்ன வேலை செய்தீர்கள், எப்படித் திரும்பப் படிக்க வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூடி மறைக்கிற பதில் அடுத்த இரண்டு கேள்வியில் வெளுத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

இனிஷியல் சிக்கல் பலருக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். கார்த்திக் மாதிரி இருக்கும், ஆதாரில் கார்த்திக் எஸ் என்றோ அப்பா பெயரை நீட்டியோ இருக்கும். விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கட்டும். ஆதாரில் திருத்தம் தேவை என்றால் அறிவிக்கை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு தங்கை, காமர்ஸ் படித்த பெண்களும் போடலாமா என்று கேட்டிருந்தாள். தாராளமாகப் போடலாம்மா. 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு பெண்களுக்கும் தேர்வு திறந்துவிட்டது, முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். கல்வித் தகுதி ஆண்களுக்கு உள்ளதேதான். இடங்கள் குறைவு என்பதால் கட்ஆஃபை ஒட்டி நிற்காமல் கூடுதலாக இலக்கு வையுங்கள்.

பிளஸ் டூ முடித்தவர்கள் பொறியியல் படிப்போடு தரைப்படையில் சேரும் டெக்னிக்கல் என்ட்ரி பற்றியும் கேட்டார்கள். அதற்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும், ஜேஇஇ மெயினும் வேண்டும், நம் வழி அது இல்லை. வயது தாண்டிவிட்டவர்கள் ஏதாவது ஒரு டிகிரியை முடித்துவிட்டு, பட்டதாரிகளுக்காக யூபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வு எழுதலாம். சென்னையில் இருக்கும் ஓடிஏவுக்கு, அதாவது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, மட்டும் விண்ணப்பித்தால் அதில் ஆங்கிலமும் பொது அறிவும்தான், கணிதத் தாளே கிடையாது.