கடிகாரம் கட்டிய இடத்தில் அரிக்கிறதா? எந்த உலோகம் என்று கண்டுபிடிக்கும் வழி

மணிக்கட்டில் அரிக்கிறது என்பதற்காகக் கடிகாரத்தையே தூக்கிப் போடாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தடிப்பு எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது? பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடிகாரமும் கைப்பேசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, இந்த வாட்ச் ஒத்துக்கல, வேற காட்டுங்க" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கையைக் காட்டுங்க" என்பதுதான்.

தடிப்பு மணிக்கட்டின் மேல்பக்கம் வட்டமாக இருந்தால், பின்மூடியைச் சந்தேகப்படுங்கள். நாடி பிடித்துப் பார்க்கும் பக்கத்தில் சின்னச் சதுரமாக இருந்தால் பக்கிள்தான் காரணம். "ரப்பர் ஸ்ட்ராப்தானே, இதில் ஏது உலோகம்?" என்று பலர் கேட்பார்கள். ரப்பர் ஸ்ட்ராப்பிலும் பக்கிள் உலோகம்தான். அப்படியென்றால் கடிகாரத்தை மாற்ற வேண்டாம். பக்கிள் இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் நைலான் ஸ்ட்ராப் போட்டாலே போதும். கையைச் சுற்றிப் பட்டையாகச் சிவந்திருந்தால் ஸ்ட்ராப்பைப் பார்க்க வேண்டும். தோல் ஸ்ட்ராப் பாதுகாப்பானது என்று நம்பி மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான தோலைப் பதப்படுத்துவது குரோமியம் உப்பில். சிலருக்கு அதுவும் ஆகாது.

உலோக அலர்ஜியில் முதல் குற்றவாளி நிக்கல். வியர்வையில் உள்ள உப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தோலுக்குள் இறக்குகிறது. உடம்பு உடனே காட்டாது. ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் அரிக்க ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டிய வாட்ச் செவ்வாய்க்கிழமை வேலையைக் காட்டும். பழி திங்கட்கிழமை சாப்பிட்ட இறாலின்மேல் விழும். அதனால் அரிப்பு வந்த நாளை மட்டும் பார்க்காமல், அதற்கு முந்தைய மூன்று நாள் எதை அணிந்தீர்கள் என்று யோசியுங்கள்.

எல்லா அரிப்பும் அலர்ஜி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெக்கையில் ஸ்ட்ராப்புக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தங்கினாலே தோல் சிவக்கும். தோல் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, கடிகாரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, காய்ந்த கையில் சற்றுத் தளர்வாகக் கட்டிப் பாருங்கள். இரவில் கழற்றி வையுங்கள். வரவில்லை என்றால் வியர்வைதான் காரணம். அதே வடிவத்தில் திரும்ப வந்தால் உலோகம் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு தடயமும் இருக்கிறது. ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே அரிக்கிறதா? கவரிங் தோடு போட்டால் காது நீர்விடுகிறதா? தாலிக்கொடியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருக்கும் அக்காமார்களுக்கு நெஞ்சில் கருத்துப்போய் இருக்கும். தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். 916 தங்கத்தைவிட அந்த ஊக்குகளின் முலாம்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, எந்தப் பாகம் என்று உறுதி செய்வது எப்படி? பின்மூடியில் பொடி எழுத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதன் பக்கத்திலேயே 'பேஸ் மெட்டல்' என்றும் இருந்தால், மூடி மட்டும்தான் எவர்சில்வர். மற்ற சட்டம் பித்தளை போன்ற மலிவான உலோகத்தில் முலாம் பூசியது. ஸ்ட்ராப் மாட்டும் முனைகளைப் பாருங்கள். முலாம் தேய்ந்து அடியில் மஞ்சள் தெரிந்தால் அந்தக் கடிகாரம் உங்களுக்கு வேண்டாம்.

எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு. நல்ல கடிகாரங்களில் வரும் 316எல் ரகத்தில் 10 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். ஆனால் அது நிக்கலை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, எளிதில் வெளியே விடாது. எவ்வளவு கசிகிறது என்பதுதான் கணக்கு. ஐரோப்பியச் சட்டமும், தோலில் நெடுநேரம் படும் பொருள் சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் விடக்கூடாது என்றுதான் சொல்கிறது.

கசிவைப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்சைம் என்ற மருந்தும் அம்மோனியாவும் சேர்ந்த நிக்கல் சோதனைக் குப்பியை இணையக் கடைகளில் வாங்கலாம். பஞ்சுக் குச்சியில் சொட்டு விட்டு, சந்தேகப்படும் இடத்தில் அரை நிமிடம் தேயுங்கள். பஞ்சு ரோஜா நிறமாக மாறினால் நிக்கல் வெளியே வருகிறது. நான் பக்கிள், பின்மூடி, ஸ்ட்ராப் கோக்கும் ஊசி எல்லாவற்றையும் தனித்தனிக் குச்சியில் தேய்ப்பேன். பளபளவென்றிருக்கும் மூடி ஒன்றும் காட்டாது. அதை ஒட்டிய சின்ன பக்கிள் பஞ்சைச் சிவக்க வைத்துவிடும். மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைப்பேசியின் உலோக விளிம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நிறம் மாறாவிட்டாலும் முழு உத்தரவாதம் இல்லை.

2014-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையின்படி, அமெரிக்காவில் 11 வயதுப் பையனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தபோது, மருத்துவர்கள் அவன் வீட்டு ஐபேடை இதே முறையில் சோதித்தார்கள், நிக்கல் இருந்தது. உறை போட்டார்கள், பையன் தேறினான். நீங்களும் கைப்பேசிக்கு முழு உறை போடுங்கள். அதே ஆண்டு, நடையையும் உடற்பயிற்சியையும் அளக்கும் ஃபிட்பிட் ஃபோர்ஸ் கைப்பட்டையைத் தோல் தடிப்புக்காகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதில் நிக்கலோடு, ஒட்டும் பசையும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஸ்மார்ட் வாட்ச் அரித்தால் பசையையும் மனதில் வையுங்கள். பக்கிளுக்கு நிறமில்லாத நகப்பாலிஷ் பூசலாம், தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும். ஸ்மார்ட் வாட்ச்சின் சென்சார்மேல் மட்டும் பூசாதீர்கள்.

இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்குவதற்காகக் கையில் கட்டும் பட்டையில் உள்ள உலோகத் தகடு தோலில் பட்டால்தான் வேலை செய்யும். அதற்கடியில் துணி வைப்பதும் பாலிஷ் பூசுவதும் கூடாது. உலோகம் படாத, மின்கடத்தும் துணிப்பட்டைகள் கிடைக்கின்றன. கையைக் காட்டி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட எதுவும் இல்லை.

புண்ணுக்கு முதல் மருந்து உலோகத்தைக் கழற்றுவது. அப்புறம் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம் தடவுங்கள். பலம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பான ஹைட்ரோகார்டிசோன் போதுமா என்று ஃபார்மசிஸ்டைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த கலவைக் களிம்பு வேண்டாம். நடுவில் ஆறி, ஓரம் மட்டும் தடித்து வளையமாகப் பரவினால் அது படையாக (பூஞ்சைத் தொற்று) இருக்கலாம்; ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். சீழ், காய்ச்சல், கண்ணருகே வீக்கம் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தோல் மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். செய்ய வேண்டியது பேட்ச் டெஸ்ட். வழக்கமான அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் நிக்கல் அலர்ஜி தெரியாது. முதுகில் மருந்து ஒட்டி 48 மணி நேரம் வைத்திருப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. எடுத்த பிறகும் இன்னொரு நாள் வந்து காட்டச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். நிக்கல் என்று உறுதியானால் அந்த முடிவைத் தாளில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல்லுக்குக் கம்பி போடும்போதும், எலும்பில் தகடு வைக்கும்போதும் மருத்துவரிடம் அதை முதலிலேயே நீட்டுங்கள்.