ஒப்பிடுவதற்கு முன்பே மாறிவிடும் எண்கள்

மைனஸ் ஒன்று, ஒன்றைவிடச் சிறியதா? பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் சட்டென்று "ஆம்" என்று பதில் வரும். சி என்ற நிரல்மொழியிடம் கேட்டால் சில நேரம் "இல்லை" என்று வரும். ஒரு பக்கம் சாதாரண இன்ட் (முழு எண்) வகையில் -1, மறுபக்கம் அன்சைன்டு இன்ட் வகையில், அதாவது குறை எண்களுக்கே இடமில்லாத வகையில் 1. இப்படி வைத்து -1 < 1 என்று எழுதினால் அது பொய் என்றே முடியும்.

கணினி இரு வேறு வகைகளை இருந்தபடியே ஒப்பிடுவதில்லை. முதலில் இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவருகிறது, பிறகுதான் ஒப்பிடுகிறது. இன்ட்டும் அன்சைன்டு இன்ட்டும் சந்தித்தால், சி மொழியின் விதிப்படி இன்ட்தான் மாற வேண்டும். 32 பிட் இன்ட்டில் -1 என்பது எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும் நிலை. அதையே குறியில்லாத (அன்சைன்டு) எண்ணாகப் படித்தால் 4294967295. ஆக, நடந்த ஒப்பீடு 4294967295 < 1. அதற்குக் கிடைத்த விடை சரிதான். நாம் கேட்டது அந்தக் கேள்வியை அல்ல.

இந்தத் தவறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி. சி++ மொழியில் வெக்டர் என்ற பட்டியலின் அளவு குறியில்லாத எண்ணாகவே கிடைக்கும். கடைசி உறுப்புக்கு முன்பு நிற்க வேண்டும் என்று, ஐ என்ற மாறியை வரிசை எண்ணாக வைத்து, "ஐ < அளவு - 1" என எழுதுகிறோம். பட்டியலில் ஏதாவது இருக்கும்வரை சிக்கல் இல்லை. காலியான பட்டியல் வந்த அன்று, 0 இலிருந்து 1 கழிந்து 64 பிட் கணினியில் 18446744073709551615 ஆகிறது. லூப் நிற்காமல் ஓடி, நமக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைக்கிறது. "ஐ + 1 < அளவு" என்று எழுதியிருந்தால் கழித்தலே வந்திருக்காது.

நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் இப்படிப்பட்ட கலப்பு ஒப்பீடுகளைப் பார்த்து எச்சரிக்கும். சி++ நிரலுக்கு வழக்கமான எச்சரிக்கைத் தொகுதியிலேயே அது உண்டு, சி நிரலுக்குக் கூடுதல் எச்சரிக்கைகளையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த எச்சரிக்கையின் வாயை அடைப்பதற்காக ஒரு பக்கத்தை அன்சைன்டாக மாற்றி எழுதிவிட்டு நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பைலர் சத்தமில்லாமல் செய்யவிருந்த தவறை நாமே கைப்பட எழுதித் தருவதுதான் அது. முதலில் குறை எண்ணா என்று பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். சி++20 இல் இந்த வேலைக்கென்றே தனி ஒப்பீட்டுச் செயற்கூறுகள் வந்துவிட்டன.

கோப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் நிரலிலும் இதே கதைதான். படித்ததை சார் என்ற ஒரு பைட் எழுத்து வகையில் வாங்கி, கோப்பு முடிந்துவிட்டதா என்று ஒப்பிடுகிறோம். முடிவைக் குறிக்கும் மதிப்பு பெரும்பாலும் -1. சார் குறியுள்ளதாக இருக்கும் கணினியில், கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தாலும் அது -1 ஆகத் தெரிந்து, வாசிப்பு பாதியில் நின்றுவிடும். ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸ் போல, சார் குறியற்றதாக இருக்கும் இடத்தில் -1 என்ற மதிப்பே வராது. லூப் முடியவே முடியாது. அந்த மாறியை இன்ட் என்று அறிவித்தால் போதும், இரண்டும் தீரும்.

0.1 + 0.2 என்பது 0.3 ஆகாது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதைவிட நயவஞ்சகமானது, தசம எண்களுக்கான 32 பிட் ஃப்ளோட்டும் 64 பிட் டபுளும் சந்திப்பது. ஃப்ளோட்டில் வைத்த 0.1ஐ டபுளின் 0.1 உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்றுதான் வரும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்ட எண்கள். ஆனால் 0.5, 0.25 போன்றவை இரண்டிலும் துல்லியமாக அடங்கும். சோதனைக்கு 0.5ஐக் கொடுத்துப் பார்த்தவர் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். "வித்தியாசம் 0.000001க்குள் இருந்தால் சமம்" என்ற வைத்தியமும் எல்லா அளவுக்கும் பொருந்தாது. 2^53ஐத் தாண்டினால் டபுளில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே 2. அங்கே மில்லியனில் ஒரு பங்கு என்ற எல்லைக்கு அர்த்தமே இல்லை. எண்களின் அளவைப் பொறுத்து எல்லையும் வளர வேண்டும்.

அந்த 2^53 என்னை ஒருமுறை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சர்வரிலிருந்து வந்த 64 பிட் அடையாள எண்களை ஜாவாஸ்கிரிப்டில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெவ்வேறான இரண்டு பதிவுகள் ஒன்றே என்று திரையில் வந்தன. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை டபுள்தான், 9007199254740993 என்ற எண் அதில் அடங்காது, 9007199254740992 ஆகிவிடும். ஒப்பீட்டு வரியில் பிழையே இல்லை, சர்வர் அனுப்பிய ஜேசன் உரையைப் படித்த கணத்திலேயே எண் மாறிவிட்டது. அடையாள எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, எனவே அதை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துத் தொடராகவே வைத்திருப்பது நல்லது. ஜாவாவில் 64 பிட் முழு எண்ணான லாங்கை டபுளுடன் ஒப்பிட்டாலும் இதே இழப்பு நேரும். பைதானோ இன்ட்டையும் ஃப்ளோட்டையும் மாற்றிக் குலைக்காமல் உண்மையான மதிப்பைக் கொண்டே ஒப்பிடுகிறது.

ஸ்ட்ரிங்காக வைத்த எண்ணைப் பெரியது சிறியது என்று பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் "10" < "9" என்பது உண்மை, எழுத்து வரிசைதான் அங்கே அளவுகோல். ஒரு பக்கமாவது எண்ணாக இருந்தால் விடை மாறிவிடும். பிஎச்பி மொழியில் 0 == "abc" (இரண்டும் சமம்) என்பதும் நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது, 2020இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள்.

ஜாவாவில் எண்ணை உள்ளே வைத்திருக்கும் இன்டீஜர் பொருள்களை (ஆப்ஜெக்ட்) == கொண்டு ஒப்பிடுவது வேறு வகைக் கண்ணி. தானாகப் பொருளாக மாறும் எண்களில் -128 முதல் 127 வரை உள்ளவற்றுக்கு ஒரே பொருள் மறுபடி மறுபடி பயன்படுவதால் விடை சரியாக வரும். 128இல் பொதுவாகப் பொய் என்று வரும், ஏனென்றால் ஒப்பிடப்படுவது மதிப்பு அல்ல, பொருள். மதிப்பை ஒப்பிடும் ஈக்குவல்ஸ் போட்டால் இது தீரும். ஆனால் லாங் பொருளின் ஈக்குவல்ஸிடம் இன்டீஜர் 1ஐக் கொடுத்தால், உள்ளே இருப்பதும் 1 என்றாலும் பொய்தான். துல்லியமான தசம எண்களுக்கான பிக்டெசிமலில் 2.0க்கும் 2.00க்கும் ஈக்குவல்ஸ் பொய் சொல்லும், கம்பேர்டூ சமம் என்று சொல்லும்.

ரஸ்ட், கோ போன்ற மொழிகள் இரு வேறு வகை மாறிகளை ஒப்பிட மறுத்து, கம்பைல் நிலையிலேயே நிறுத்திவிடுகின்றன. எரிச்சலூட்டும் கண்டிப்புதான், ஆனால் எந்த வகைக்கு மாற்றுவது என்ற முடிவை நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. ரஸ்ட்டில் அந்த முடிவை "ஆஸ்" என்ற சொல்லால் அவசரமாக எடுத்தால், 32 பிட் -1 அங்கேயும் ஓசையின்றி 4294967295 ஆகிவிடும். "ட்ரை-ஃப்ரம்" வழியாக மாற்றினால் பிழை என்று திருப்பிக் கொடுக்கும்.