புயலுக்கு ஆயத்தம்: எழுவான்கரையில் ஒரு விதம், படுவான்கரையில் இன்னொரு விதம்

நான் பிறந்தது கொக்கட்டிச்சோலைப் பக்கம். இப்போது குடியிருப்பது கல்லடியில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. கார்த்திகை வந்தால் அம்மாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சேர்த்து நான்தான் ஆயத்தம் செய்கிறேன். கல்லடியில் கரண்ட் போகும், படுவான்கரையில் பாதை போகும். முதல் தடவையாகத் தனியே வீடு நடத்துபவர்கள் இதிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். (வாவியைக் கடக்கும் மிதவைக்கும் எங்கள் ஊரில் ‘பாதை’ என்றுதான் பெயர். காற்று எழுந்தால் முதலில் நிற்பதும் அதுதான்.)

முதல் வேலை: நாளை எண்ணுதல்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்ன அன்றே தொடங்குங்கள். பட்டணத்து வீட்டுக்கு மூன்று நாள் சாமான் போதும். காற்று ஓய்ந்ததும் சந்தியில் ஒரு கடையாவது திறந்துவிடும். படுவான்கரையில் ஒரு கிழமைக்கு வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அதன் பிறகு உழவு இயந்திரம்கூட யோசித்துத்தான் இறங்கும். அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய் ஆகியவற்றோடு, அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அவலும் பிஸ்கட்டும் எடுத்து வையுங்கள். நாள்தோறும் மருந்து குடிப்பவர் வீட்டில் இருந்தால் அரிசிக்கு முன்னால் மருந்து.

இரண்டாவது: தண்ணீர்

கல்லடியில் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். கூரைத் தாங்கியைக் காலையிலேயே நிரப்பிவிடுங்கள். நான் ஒருமுறை பின்நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நான்கு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. அரைவாசிகூட நிரம்பாத தாங்கி இரவு முழுவதும் கொங்கிறீட்டில் உராய்ந்து உறுமிக்கொண்டே இருந்தது. ஐந்நூறு லீற்றர் தாங்கி நிறைந்தால் அரை தொன் பாரம். வெறும் தாங்கி காற்றுக்கு ஒரு பந்து.

கிராமத்தில் கிணறு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். வெள்ளம் கட்டைத் தாண்டினால், மலசலகூடக் குழியில் கிடந்ததும் கிணற்றுக்குள் வந்துவிடும். குடிதண்ணீரை முன்கூட்டியே மூடியுள்ள கலன்களில் பிடித்து வையுங்கள். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகுதான் பாவிக்க வேண்டும்.

மூன்றாவது: கூரை

தகரக் கூரைக்கு எங்கள் ஊர் வைத்தியம் உரப்பை. இரண்டு பைகளில் பாதி அளவு மணல் நிரப்பி, ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் கட்டி, முகட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பைகள் தகரத்தின் மேலேயே படிந்திருக்க வேண்டும். ஓரத்துக்கு வெளியே தொங்கினால் காற்றில் ஆடிச் சுவரை இடிக்கும். முழுப்பை நிரப்பினால் தகரம் நெளியும். சிலாகையில் ஆணி கழன்றிருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பதானால் மழைக்கு முன்னரே பாருங்கள். ஈரத் தகரத்தில் வழுக்கி விழுபவருக்குப் புயலே தேவையில்லை.

பட்டணத்தில் உங்கள் கூரையைவிடப் பக்கத்து வளவின் கூரைதான் பயம். பறந்து வரும் தகரம் யன்னலுக்குள் பாயும். கண்ணாடி யன்னலுக்கு வெளியே பலகை அடியுங்கள், படுக்கையைத் தள்ளிப் போடுங்கள். வீட்டின் மேல் சாயக்கூடிய தென்னை நின்றால் அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

நான்காவது: கடதாசி, விளக்கு

காணி உறுதி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னில் இட்டு மூடுவது அம்மாவின் பழக்கம். அதைவிட நல்ல பெட்டியை நான் இன்னும் காணவில்லை. டோர்ச், பற்றரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990 இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஐந்தாவது: படுவான்கரைக்கு மட்டும்

மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும். வெள்ளத்தில் பாம்பும் மேடு தேடித்தான் வரும். இருட்டில் விறகு அடுக்குக்குள் கை வைக்காதீர்கள்.

காற்று நின்றால்

1978 நவம்பர் 23 அன்று இரவு, வடக்கிலிருந்து வீசிய காற்று திடீரென்று ஓய்ந்ததும், விழுந்த தேங்காயைப் பொறுக்க அம்மம்மா முற்றத்தில் இறங்கினாராம். அம்மப்பா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திச் சற்று நேரத்தில், தெற்கிலிருந்து மறுகாற்று வந்து குசினிச் சுவரைத் தள்ளியது. சூறாவளியின் கண் தலைக்கு மேலால் கடக்கும்போது அப்படித்தான் அடங்கும். அடங்கிவிட்டதே என்று வெளியே போகாதீர்கள். புயல் கடந்துவிட்டது என்று வானொலி சொல்லும்வரை கதவு பூட்டியே இருக்கட்டும். அதன் பிறகும் டோர்ச்சை முதலில் நிலத்துக்கு அடித்துப் பாருங்கள், அறுந்த மின்கம்பி கிடக்கலாம்.