எந்த வால்வு எங்கே: வீட்டுக் குழாய்ப் பழுதுகளைத் தவிர்க்கவும் சரிசெய்யவும்

வீட்டில் குழாய் உடைந்தால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தண்ணீரை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் ஓர் இரவு வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த இணைப்புக் குழாய் வெடித்தபோது, மொட்டைமாடியில் நான்கு வால்வுகள் இருந்தும் எது எதற்கானது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து முடிப்பதற்குள் மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில் பாதி கூடத்திற்கு வந்துவிட்டது. மறுநாளே ஒவ்வொரு வால்வின் அருகிலும் 'சமையலறை', 'குளியலறை' என்று பெயின்டால் எழுதிவைத்தோம். வேறெதையும் தொடுவதற்கு முன் உங்கள் வீட்டிலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் உப்புப் படிந்து, வட்டப் பிடியைப் பல சுற்றுத் திருகி மூடுகிற கேட் வால்வுகள் இறுகிப்போகும். அவசரத்தில் பலங்கொண்டு திருகினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும். மாதம் ஒருமுறை முழுவதும் மூடித் திறந்துவந்தால் அந்த ஆபத்து குறையும். நீளக் கைப்பிடி உள்ள பால் வால்வாக இருந்தால், பிடி குழாயின் போக்கிலேயே இருக்கும்போது திறந்திருக்கிறது என்றும், குறுக்கே நிற்கும்போது மூடியிருக்கிறது என்றும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அடிக்கடி வரும் தொல்லை, சொட்டும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் வீணாகும். பல சுற்றுத் திருகி மூடுகிற பழைய வகைக் குழாயில் பெரும்பாலும் ரப்பர் வாஷர்தான் தேய்ந்திருக்கும். வால்வை மூடி, குழாயைத் திறந்து, மீதித் தண்ணீரை வடியவிடுங்கள். திருகாணி உள்ளே விழுந்துவிடாமல் பேசினின் துளையைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதன் கீழுள்ள நட்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பினால் தண்டு முழுதாக வெளியே வரும். அதன் அடியில் இருக்கும் வாஷரில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதையே கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியது வாங்குங்கள். மாட்டுவதற்கு முன், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உப்பு சொரசொரவென்று தட்டுப்பட்டால் அதை வினிகரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புது வாஷரும் சீக்கிரமே கிழிந்துவிடும். கால் சுற்று, அரைச் சுற்றில் மூடுகிற புதிய குழாய்களில் வாஷருக்குப் பதிலாகச் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை அப்படியே மாற்றத்தான் வேண்டும்.

குழாயையே மாற்றும்போது, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, அதில் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும்.

சமையலறை சிங்க் அடைத்துக்கொள்ளப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும், சோற்றுப் பருக்கையும், டீத்தூளும்தான் காரணம். பாத்திரத்தின் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதித் தொல்லை தீரும். அடைத்துவிட்டால், கீழே ஒரு வாளியை வைத்து, சிங்கின் அடியில் குடுவை போல இருக்கும் பகுதியைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டலாம். ஆசிட் ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முன்னர் பிளீச்சிங் பவுடர் போட்ட குழியில் ஆசிட் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

புழங்காத குளியலறையில் நாற்றமும் கரப்பான்பூச்சியும் வந்தால், தரைத்துளைக்குள் வாயுவைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கலாம். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், உடனே சுவரை உடைக்க வேண்டாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு வால்வுகளையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்துவையுங்கள். இப்படி இரவுக்கு ஒன்றாகச் சோதித்தால் எந்தக் கிளையில் கசிகிறது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு பிளம்பரை அழைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.